முதல் பெஞ்சில் ஒரு கோட்டு

ஆசிரியர் தகுதித் தேர்வில் யார் பாஸாவார்கள் என்று முன்கூட்டியே தனக்குத் தெரியும் என்பார், பயிற்சி மையம் நடத்தும் ஆளவந்தார் சார். பெரிய ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. பாஸானவர்கள் என்று அவர் சுவரில் மாட்டியிருந்த பன்னிரண்டு போட்டோவிலும் ஒரே பழுப்புக் கோட்டு. பார்த்ததும் மனுஷனுக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"பழுப்புக் கோட்டு இல்லாதவங்க நாளைக்கு வகுப்புக்கு வரவேண்டாம்!"

அந்த வகுப்பில் முத்தரசி என்று ஒருத்தி. போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள். தேர்வுக்குப் பத்தே நாள்தான்.

மறுநாள் ஒரு பழுப்புக் கோட்டைக் கொண்டுவந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவள் வாசலில் நின்றுகொண்டாள்.

"ஏம்மா, என்ன கூத்து இது?"

"பாஸாகப் போறது கோட்டுதானே சார்? அதுக்கே பாடம் நடத்துங்க. இது எங்க ஸ்டூடியோ கோட்டு. விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வர்ற ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் முதலாளி இதைத்தான் மாட்டிவிடுவார். உங்க பன்னிரண்டு பேரும் இதைத்தான் போட்டாங்க. ஃபெயிலான முந்நூறு பேரும் இதைத்தான் போட்டாங்க. அவங்க போட்டோவை நீங்க மாட்டல, அவ்வளவுதான்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆளவந்தார் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டை மேலும் கீழும் முறைத்தார்.

"முந்நூறு தடவை ஃபெயிலா? நீ உள்ள வந்து உட்காரும்மா. அதை முதல்ல வெளிய அனுப்பு!"