அக்கரை என்ற சொல்

அடர்ந்த காடொன்றின் நடுவே அகன்ற ஆறு ஓடியது. அதில் ஆமைகள் விலங்குகளைச் சுமந்து கரை சேர்த்து வந்தன. முன்பெல்லாம் ஏறி அமர்ந்தவர் ஓட்டைத் தட்டித் தட்டி வழிகாட்ட வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஓர் ஆமை கண்ட பாறையையும் சுழியையும் நீரில் வாலைத் தட்டி மற்ற ஆமைகளுக்கு அறிவித்துவிடும். போகுமிடத்தைச் சொன்னால் போதும். ஆமை தானே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

விலங்குகளின் ஆசைகளும் வளர்ந்தன.

“நான் பழம் தின்று முடிப்பதற்குள் கரை வந்துவிட வேண்டும்!” என்றது குரங்கு.

“மோதினால் குற்றம் யார்மேல்? ஆமை மேலா, அமர்ந்தவர் மேலா?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“உம்மேல் மோதியவருக்குத் தண்டனை அங்கேயே கிடைத்துவிடுமே, அண்ணா!” என்று குரங்கு சிரித்தது.

நெடுஞ்செவி என்னும் தாய்முயல் வேண்டியதோ உறக்கம் ஒன்றே. குட்டிகளை ஈன்றது முதல் அது சரியாகக் கண்ணயரவில்லை. கண் திறவாத அக்குட்டிகள் மறுகரையில், நாவல் மரத்தடி வளையில் கிடந்தன. நல்ல அறுகம்புல் இக்கரையில்தான் இருந்தது.

ஒருநாள் மேய்ந்துகொண்டிருக்கையில் மலைமேல் வானம் கறுத்தது. வெள்ளம் வந்தால் வளை மூழ்கிவிடும்! நெடுஞ்செவி ஓடிவந்து ஓர் ஆமையின் முதுகில் ஏறியது.

“அக்கரைக்கு! விரைந்து போ!”

“அப்படியே, தாயே. வழியில் ஏதேனும் நேர்ந்தால் எழுப்பட்டுமா?”

“எதற்கு? எல்லாம் அறிந்தவர்கள் நீங்கள்!” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது முயல்.

நடு ஆற்றில் ஆமையின் கால் கொடியில் சிக்கியது. அது வாலைத் தட்டி உதவி கேட்டது. மறுகரையிலிருந்து வெறுமுதுகோடு வந்த வேறோர் ஆமை அருகே ஒட்டி நின்றது.

“எங்கே போக வேண்டும்?”

“அக்கரைக்கு,” என்றது சிக்கிய ஆமை.

மீசை முடியும் அசையாதபடி, உறங்கிய முயல் ஒரு முதுகிலிருந்து மறு முதுகுக்கு மாறியது. ஆனால் மறுகரையிலிருந்து புறப்பட்ட ஆமைக்கு அக்கரை எது? முயல் விட்டு வந்த கரையே அல்லவா! அது எதிலும் மோதாமல், சிறிதும் குலுங்காமல், அத்திசையிலேயே நீந்தியது.

எதிரே வேறோர் ஆமைமேல் வந்த குரங்கு இதைக் கண்டது.

“என்ன அக்கா, மேய்ந்த புல்லுக்கே திரும்புகிறாய்? அவ்வளவு சுவையா!”

நெடுஞ்செவி திடுக்கிட்டு விழித்தது. “ஐயோ! அக்கரைக்கு என்றல்லவா சொன்னேன்!”

“அங்கேதான் போகிறேன், அம்மா,” என்றது ஆமை அமைதியாக.

“நாவல் மரம் நிற்கும் கரைக்குப் போ! என் குட்டிகள் இருக்கும் கரைக்கு! திரும்பு, திரும்பு!”

ஆமை திரும்பியது. இம்முறை முயல் உறங்கவில்லை. மரத்தை விட்டுப் பார்வையை எடுக்கவுமில்லை. கரை சேர்ந்தபோது வளையின் வாயை வெள்ளம் தொட்டுக்கொண்டிருந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்வி மேட்டில் சேர்த்தது. கடைசிக் குட்டி வெளியே வந்ததும் வளை நிரம்பியது.

ஏளனச் சொல்லையும் அருளாக அனுப்பிய இறைவனை, ஈரம் சொட்டச் சொட்ட நின்று நெடுஞ்செவி நெஞ்சாரத் தொழுதது.

தானே செல்லும் ஊர்தியிடம் வழியை ஒப்படைக்கலாம். சேருமிடத்தின்மேல் நமக்குள்ள அக்கறையை ஒப்படைத்தல் ஆகாது.