புகை தாண்டாத பெயர்

கோத்தகிரியில் மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. பங்களாவின் புகைபோக்கி வழியாகக் கணப்பு அடுப்பில் தண்ணீர் சொட்டியது. தேயிலை முதலாளி கனகசபாபதி கூரைமேல் புகைபோக்கியின் வாயை ஒரு பித்தளைத் தகட்டால் இறுக மூடினார். தகட்டில் 'உபயம்: அவிநாசியப்பர்' என்று அப்பா பெயர். கோயில் டியூப்லைட்டிலேயே வெளிச்சம் தெரியாதபடி பேர் எழுதுகிற ஆள் முதலாளி.

அந்த அப்பாவே ஒருநாள் வந்து குளிரில் நடுங்கினார்.

"கணப்பை மூட்டு. தகட்டைத் தொடக்கூடாது, கூடத்துல புகையும் வரக்கூடாது. வந்தா உனக்கு இங்க வேலை இல்லை" என்றார் முதலாளி, சமையல்காரி மாதம்மாவிடம்.

அவள் மூட்டினாள். கூடமெல்லாம் புகை. பெரியவர் இருமினார்.

"என்னடி இது?"

"மேல பெரியய்யா பேர் இருக்குதுங்க. அதைத் தாண்டிப் போகப் புகைக்கு மனசு வரலீங்க."

இருமலுக்கு நடுவே பெரியவர் சிரித்துவிட்டு மகனைப் பார்த்தார். மகனே கூரை ஏறினார்.

இப்போது தகடு நாலு செங்கல் மேல் தூக்கி நிற்கிறது. மழை உள்ளே வருவதில்லை, புகை தாராளமாக வெளியே போகிறது.

பெரியவர் கணப்பருகே கால் நீட்டிக்கொண்டு சொன்னார்: "என் பேரை அழிச்சிடுப்பா. இந்தக் கதகதப்பு யார் உபயமோ, அவ பேரைப் போடு."