தலைமாட்டுக்கு ஒரு ஆள்

"கண்ணால பாக்காம எப்படி மேடம் ஊசிய எலும்புக்குள்ள இறக்குறது?" என்று கேட்டார் டாக்டர் ஜெபசிங்.

ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. முப்பது வருடமாக முதுகைத் திறந்து, உடைந்த எலும்பை நேரில் பார்த்து, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்துக் கட்டியவர். சின்னத் துளை வழியாகவே அதைச் சரிசெய்யும் வித்தையைக் கற்க, தன்னைவிடப் பத்தொன்பது வயது சிறியவரான டாக்டர் மங்கையர்க்கரசியிடம் வந்து சேர்ந்திருந்தார். அங்கே குருதான் சிஷ்யரை 'சார்' என்று கூப்பிடுவார்.

"எக்ஸ்ரே திரையில தெரியுமே சார்."

"திரையில நிழல்தான் தெரியும்."

கேள்வியை அவர் சும்மா கேட்கவில்லை. மேல்மாடி வார்டில் அவருடைய எஸ்தர் அக்கா படுத்திருந்தாள். எழுபத்து நாலு வயது. தண்ணீர் வாளியைத் தூக்கும்போது முதுகெலும்பில் ஒன்று நொறுங்கிப் போயிருந்தது. ஆறு வாரம் பெல்ட்டும் மாத்திரையுமாகக் கிடந்தும் வலி விட்டபாடில்லை.

"திறந்து செஞ்சிருவோம் மேடம். நானே செய்றேன்."

"அக்காவோட இதயம் மயக்க மருந்தத் தாங்குமா சார்?"

தாங்காது என்று மயக்க மருந்து டாக்டர் முந்தின நாளே கையை விரித்திருந்தார்.

"துளை போட்டு எலும்ப ஒட்டுற சிமெண்ட் வச்சா, அது பின்னால கசிஞ்சு நரம்புல படலாம். அப்புறம் அக்கா நடக்கவே முடியாது. என்னை வளத்ததே அவதான் மேடம்."

"கசிஞ்சா முதல்ல யாருக்கு சார் தெரியும்?"

"உங்களுக்கு. திரையில."

"நாளைக்குப் பாப்போம்," என்றார் மங்கையர்க்கரசி.

மறுநாள் காலை ஜெபசிங் கைகளைக் கழுவிக்கொண்டு தியேட்டருக்குள் வந்தார். குரு முகவாயால் மேசையின் தலைப்பக்கத்தைக் காட்டினார்.

"அங்க."

"அது மயக்க டாக்டரோட எடம்."

"இன்னைக்கு உங்களுக்கு. ஸ்டூல்ல உக்காந்து அக்கா கையப் பிடிச்சுக்கோங்க."

குப்புறப் படுத்திருந்த அக்காவின் முதுகுக்கும் அவருக்கும் நடுவே பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள். ஒன்றுமே தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்டவனை இப்படி மூலையில் உட்கார வைத்துவிட்டாரே என்று ஜெபசிங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

முதுகில் ஊசி போட்ட இடம் மட்டும் மரத்திருந்தது. அக்கா முகத்தை அவர் பக்கம் திருப்பி முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏலே, நீ இங்க என்ன பண்ணுத? அங்க போயி வேலையப் பாருல."

"இதான் எனக்குக் குடுத்த வேல."

"ரொம்ப பெரிய வேலதான்."

முப்பது வருடத்தில் அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை. அவருடைய நோயாளிகள் எல்லோரும் மயக்கத்தில் இருந்தவர்கள், முகம் துணிக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

"சிமெண்ட் போகுது," என்றது துணிக்கு அப்பாலிருந்து குரல். "அம்மா, கால்ல ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

அக்காவின் இடது கண் லேசாகச் சுருங்கியது.

ஒன்பது வயதில் ஜெபசிங் உலக்கையை அவள் காலில் போட்டிருக்கிறார். 'ஒண்ணுமில்லலே' என்று இதே கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னவள், பிறகு ஒரு மாதம் நொண்டினாள்.

"நிறுத்துங்க!"

துணிக்கு அப்பால் கை நின்றது.

"அக்கா, நெசத்தச் சொல்லு."

"வலது தொடையில சுருக்குன்னு இழுத்துச்சு. ஒன் மூஞ்சியப் பாத்தேன். பயந்துபோயி இருந்தே. அதான் சொல்லல."

எக்ஸ்ரே கருவி ஒருமுறை முனகியது.

"நூலளவு பின்னால வந்திருக்கு சார். இப்பத்தான் திரையில தெரியுது. வச்ச வரைக்கும் போதும்."

ஊசி வெளியே வந்தது. அக்கா பத்துக் கால்விரலையும் ஆட்டிக் காட்டினாள். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே பாத்ரூமுக்கு நடந்து போனாள். ஜெபசிங் நடைவழியில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"இனிமே யாரையும் திறக்கவே வேண்டாம் மேடம். எல்லாம் துளையிலேயே முடிச்சிரலாம்."

மங்கையர்க்கரசி ஒரு ஸ்கேனை நீட்டினார். இசக்கியப்பன் என்று ஒரு பெரியவர், எழுபத்தொரு வயது. உடைந்த சில்லு நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கால்களும் நாளுக்கு நாள் சுரத்து இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

ஜெபசிங் நீண்ட நேரம் பார்த்தார்.

"திறந்துதான் ஆகணும்," என்றார் மெதுவாக.

"ஆமா சார். உங்க கத்தி. ஆள முழுசா மயக்கிருவாங்க, நடுவுல கால்ல என்ன பண்ணுதுன்னு யாரையும் கேக்க முடியாது. கை கழுவுங்க."

ஜெபசிங் குழாய்ப் பக்கம் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நடைவழிப் பெஞ்சில் இசக்கியப்பனின் மனைவி முந்தானையைப் பிசைந்துகொண்டு இருந்தார். ஜெபசிங் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, நாளைக்கு உங்க வீட்டுக்காரரு முழிச்சு 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லுவாரு. அது பொய்யின்னா எனக்கு எப்படித் தெரியும்?"