நவநீதன் எடுத்த வெள்ளைப் படம்

மலைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பவர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். பெயரில்தான் பேச்சு இருக்கிறது. ஆள் வாயைத் திறப்பது அபூர்வம். ஒரு பயணத்துக்கு ஒரு சீடருக்கு மேல் அழைத்துப்போக மாட்டார். அவரவர் மூட்டையை அவரவர்தான் முதுகில் சுமக்க வேண்டும்.

அவரிடம் குழந்தைவேல் வந்து சேர்ந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். இந்த வயதில் கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு இமயமலை ஏறுவானேன் என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். பேச்சியம்மாள் கேட்கவில்லை. குழந்தைவேலே ஒரு கேமராவை எடுத்து, அதன் திரையில் ஒரு படத்தைக் காட்டினார்.

படம் முழுக்க வெள்ளை. இடது மேல்மூலையில் மட்டும் வெளிச்சம் சற்றுக் கூடுதலாக இருந்தது.

"எம்பையன் நவநீதன் கடைசியா எடுத்ததுங்க."

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்தப் பையனுக்கு ஒரு சிகரத்தின்மேல் பைத்தியம். கட்டிலுக்கு மேலே அதன் படத்தை ஒட்டி வைத்திருந்தான். வேலைக்குப் போனதும் நண்பர்களோடு கிளம்பிவிட்டான். சிகரத்தை நேருக்கு நேர் பார்க்கக்கூடிய கணவாய்க்கு அவன்தான் எல்லோருக்கும் முன்னால் ஏறினான். நண்பர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே மூடுபனி, எதிரில் நிற்கிற ஆளே தெரியவில்லை. இறங்கும் வழியில் அவனுக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. கீழே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகன் போனதைக்கூடக் குழந்தைவேலால் சொல்லி அழ முடிந்தது. பார்க்க வேண்டும் என்று போனவன் பார்க்காமலேயே செத்தானே என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அந்த வெள்ளையை என்ன சொல்லி அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதே இடத்தில், அதே கேமராவில், அவன் படத்துக்கு அடுத்த படமாக அந்தச் சிகரம் விழ வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

பேச்சியம்மாள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, நடந்து பழகிக்கொள்ளச் சொன்னார்.

கணவாயின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த மாதமே அங்கே செல்ஃபிக் கூட்டம் கூடிவிடும்.

முதல் முகாமில் பேச்சியம்மாள் ஒரே ஒரு பாடம் நடத்தினார். வெயில் ஊர்க்காரர்கள் குளிரைக் கண்டதும் கேமராவுக்குப் போர்த்திவிடத்தான் பார்ப்பார்கள். அவர் அதை எத்தனையோ பேரிடம் பார்த்தவர்.

"கேமரா வெளிய குளிர்லயே கெடக்கட்டும். பேட்டரியை மட்டும் நெஞ்சோட வச்சுக்கிடுங்க."

குளிர்ந்த கண்ணாடியைக் கதகதப்புக்குள் கொண்டுவந்தால் மூச்சின் ஈரம் அதில் படியும், உள்ளே புகுந்தும் விடும். அப்புறம் வெளிக்குளிரில் உறைந்துபோனால் லேசில் போகாது. குழந்தைவேல் தலையாட்டினார். சொன்னபடியே செய்தும் வந்தார்.

நடக்கும்போது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "அவன் கடைசியா என்னத்தைப் பாத்திருப்பானுங்க மேடம்?" பேச்சியம்மாள் தோள்வாரைச் சரிசெய்துகொண்டு நடந்தார். ஒருமுறை குழந்தைவேல் அழுதுகொண்டே கேட்டபோது பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்குமேல் எதுவும் இல்லை.

கணவாய்க்குக் கீழே இருந்த முகாமில் காலையில் பேச்சியம்மாள் கடுங்காப்பியோடு வந்தபோது, கூடாரத்துக்கு வெளியே கேமராவைக் காணவில்லை. குழந்தைவேல் உறக்கப்பைக்குள்ளிருந்து எழுந்தார். கேமரா அவர் மார்போடு இருந்தது.

"வெளிய போட மனசு வரலீங்க மேடம். அவன் இங்கதான் கடைசியாப் படுத்திருந்தான்."

பேச்சியம்மாள் கேமராவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். காப்பியைக் கையில் கொடுத்தார்.

கணவாயில் மூடுபனிதான் காத்திருந்தது. இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். குளிர் எலும்புக்குள் இறங்கியது. குழந்தைவேல் பேட்டரியைப் போட்டுவிட்டு, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்திருந்தார். தன் குடும்பத்துக்கு இது எழுதவில்லை, அவ்வளவுதான் என்று முனகினார்.

திடீரென்று காற்று திரும்பியது. பனி விலகி எதிரே சிகரம் நின்றது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எந்தப் படமும் சொன்னதில்லை. அதன் உச்சியில் வெயில் விழுந்திருந்தது.

குழந்தைவேல் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். வெள்ளை. கைக்குட்டையை எடுத்து லென்ஸைத் துடைத்தார். மறுபடியும் வெள்ளை. வாயால் ஊதித் துடைத்தார். ஊதிய மூச்சும் அதிலேயே உறைந்தது. அவர் வெளியே துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் உள்கண்ணாடியில் இருந்தது.

"அண்ணாச்சி, நிமிந்து பாருங்க."

"இருங்க, இருங்க."

பேச்சியம்மாள் தன் கேமராவை நீட்டினார். "இதுல எடுங்க."

"இல்லீங்க. அவன் கேமராவுலதான்."

பேச்சியம்மாள் தன் கேமராவைப் பாறையில் வைத்துவிட்டார். அவரும் படமெடுக்கவில்லை. "அண்ணாச்சி" என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். குழந்தைவேலின் காதில் அது ஏறவில்லை. சட்டைநுனியால் துடைத்தார், விரலால் துடைத்தார், கெட்ட வார்த்தை சொல்லித் துடைத்தார். கடைசியில் அந்த வெள்ளையைப் பார்த்தே பொத்தானை அழுத்தினார். பள்ளத்தாக்கிலிருந்து பனி எழும்பி வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

குழந்தைவேல் பாறையில் சரிந்து வாய்விட்டு அழுதார். மகனைத் தகனம் செய்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

"போச்சுங்க. அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

பேச்சியம்மாள் அவர் மடியிலிருந்து கேமராவை எடுத்தார். இப்போது எடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டினார். முழுக்க வெள்ளை, இடது மேல்மூலையில் கொஞ்சம் வெளிச்சம். பிறகு அதற்கு முந்தைய படத்துக்குப் போனார். முழுக்க வெள்ளை, இடது மேல்மூலையில் கொஞ்சம் வெளிச்சம்.

குழந்தைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அழுகை நின்றது.

"நான் எடுத்தப்பப் பனி இல்லீங்களே?"

"இல்ல."

"அவனும் இதைக் கட்டிப் புடிச்சுட்டுத்தான் படுத்திருப்பான். சின்னதுலயே அப்படிங்க. புதுச்செருப்பு வாங்கினாலும் பக்கத்துல வச்சுட்டுத்தான் தூங்குவான்."

"இருக்கலாம்."

மகன் செத்த நாளிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஒன்று வந்தது. அவர் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப மலை எதிர்லயே நின்னிருக்குதுங்க. அவன் பாத்திருப்பான், இல்லீங்களா மேடம்?"

பேச்சியம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நீங்க பாத்தியளா, அண்ணாச்சி?"

குழந்தைவேல் பதில் சொல்ல வாயெடுத்தார். கைக்குட்டை இன்னும் அவர் விரலில் சுற்றியபடி இருந்தது.