சூரியன் வடக்கே திரும்பிய பதினைந்து நாள்

"சாமி, சார்ஜ் ஏறமாட்டேங்குது."

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நிச்சயமாக இருக்கிறது. ஆனால் இப்போது வராது. சீடன் அழுகிற குரலில் பேசிக்கொண்டிருக்கிறான். அழுகிறவன் பக்கத்தில் நின்று சிரித்தால் நன்றாக இருக்காது.

சீடன் பெயர் தளவாய். வயது நாற்பத்தாறு. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. எந்நேரமும் நடப்பதால் நடைச்சாமி என்று பெயர். குரல் மட்டும் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அந்தக் குரலுக்காகவே பாதிப் பேர் விழுந்து கும்பிட்டார்கள்.

நடைச்சாமிக்கு இரண்டு சட்டம். வெயில் இருக்கும்வரை நிற்கக்கூடாது. கரண்டுக் கம்பி போகிற ஊருக்குள் நுழையக்கூடாது.

அதனால்தான் தளவாய் சோலார் தகடு தைத்த முதுகுப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு துறவியானான். முதுகில் வெயில் பட்டால் பைக்குள் இருக்கும் போனில் சார்ஜ் ஏறும்.

மார்கழி பாதியில் தன் ஊரிலிருந்து கிளம்பி, குருவின் பின்னால் வடக்கே நடந்தான். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். முதுகெல்லாம் வெயில். தினமும் நூற்றுக்கு நூறு.

தினமும் சாயங்காலம் போனை எடுப்பான். செண்பகவடிவு என்ற பெயர் வரைக்கும் போவான். பார்ப்பான். திரும்பப் பைக்குள் போடுவான்.

"யாருவே அது?"

"வீட்டுக்காரி சாமி."

"பேச வேண்டியதுதானே?"

"அவதான் கூப்பிடணும்."

"என்ன சண்டை?"

"டி.வி. சத்தத்தைக் குறைன்னேன். கூட்டிட்டா."

குரு தலையாட்டினார். பெரிய விஷயம்தான் என்பதுபோல.

பொங்கலன்று காட்டுக்குள் ஒரு சின்னக் கோயிலில் தங்கினார்கள். யாரோ வைத்த பொங்கல் இலையில் இருந்தது. தளவாய் தொடவில்லை.

"சாமி, நான் கிளம்பும்போது 'போறேன்'னு சொல்லிட்டேன்."

"கிளம்புறவன் வேற என்ன சொல்லுவான்?"

"எங்க பக்கம் 'போயிட்டு வாரேன்'னுதான் சொல்லணும். சுடுகாட்டுக்குப் போறவன்தான் வெறும் 'போறேன்'. நான் 'வாரேன்'ஐ முழுங்கிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'சரி'ன்னா. டி.வி. சத்தத்துல அது என்ன 'சரி'ன்னு விளங்கல. தொலைஞ்சு போன்னு சரியா? வந்துருன்னு சரியா? காலைல கூப்பிட்டுக் கேட்டுறப் போறேன் சாமி."

கேட்டிருப்பான். ஆனால் ராத்திரி முழுக்க அவள் பெயரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்ததில் போன் அணைந்துவிட்டது.

மறுநாள் காலை. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. குரு கோயிலிலிருந்து எந்தப் பக்கம் கால் வைத்தார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் சிரிப்பு முன்கூட்டியே வந்துவிடும்.

அன்றுதான் அந்தப் புலம்பல் தொடங்கியது.

"சாமி, சார்ஜ் ஏறமாட்டேங்குது. வெயில் மூஞ்சியிலதான் அடிக்குது. முதுகுக்கு வரமாட்டேங்குது."

பானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தை பிறந்தாச்சா?"

"பிறந்தாச்சு சாமி."

"தை பிறந்தா சூரியன் என்ன செய்வாரு?"

"வடக்க திரும்புவாரு."

"திரும்பிட்டாரு."

சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லோரும் சொல்லக் கேட்டதுதானே. தளவாய் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரே ராத்திரியில் இவ்வளவு சுத்தமாகத் திரும்பிவிட்டாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிப் பார்த்தான். கால் வைக்கும் இடம் மறைந்தது. முதல் நாள் முள்ளில் விழுந்தான். இரண்டாம் நாள் கால்வாயில் விழுந்தான். மூன்றாம் நாள் பை முதுகுக்கே போய்விட்டது.

நாட்கள் போயின. கருவேலங்காடு, வறண்ட ஓடை, கண்மாய்க் கரை. தளவாய் நடந்துகொண்டே பேசினான். வடிவு தும்மினால் மூன்று தும்மல்தான், நான்காவது வராது. கதவைச் சாத்தும்போது கதவையும் சேர்த்துத் திட்டுவாள். போன மழைக்கு இடி விழுந்தபோது இடியைப் பார்த்து "ஏன் இந்தக் கத்து கத்துற?" என்றாள்.

"இங்க எவ்வளவு அமைதியா இருக்கு, பாத்தியளா சாமி" என்றான்.

குரு கொஞ்சம் வேகமாக நடந்தார்.

பதினைந்தாம் நாள் காலை குரு சொன்னார்: "இன்னைக்குப் பின்பக்கமா நட."

"சாமி?"

"நான் முன்னால போறேன். என் துண்டோட நுனியை ஒரு கையில பிடிச்சுக்க. முதுகை வெயிலுக்குக் காட்டிக்கிட்டே பின்னால பின்னால வா. சார்ஜ் ஏறும்."

"விழுந்துட்டா?"

"மல்லாக்க விழுவ. ஆகாசம் தெரியும்."

தளவாய் போனை வயரோடு வெளியே எடுத்து இன்னொரு கையில் வைத்துக்கொண்டான்.

"கண்ணை அதிலிருந்து எடுக்காதே" என்றார் குரு. "பாத்துக்கிட்டே இருந்தாத்தான் ஏறும்."

அதையும் நம்பினான்.

ஒரு சதவீதம். இரண்டு. நான்கு. தளவாய் பின்பக்கமாக ஓடை இறங்கினான், ஏறினான், ஒரு கரையைத் தாண்டினான். எங்கோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது.

"யாரு சாமி சிரிக்கிறது?"

"மயில்."

பதினொன்று. பன்னிரண்டு. துண்டு நின்றது. வெயில் இருக்கும்போது குரு நின்றது அதுதான் முதல் தடவை. தளவாய் அதைக் கவனிக்கவில்லை. அவன் விரல் அந்தப் பெயரை அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ம்?"

"வடிவு. நான்தான்."

"தெரியுது."

குரல் இரண்டு இரண்டாகக் கேட்டது. காட்டுக்குள் சிக்னல் அப்படித்தான் எதிரொலிக்கும் போல என்று நினைத்துக்கொண்டான்.

"கோவமா இருக்கியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். அதுவும் இரண்டு தடவை கேட்டது.

"எங்க இருக்கிய?" என்றாள்.

"ரொம்பத் தூரத்துல வடிவு. வடக்க. மலை, காடு எல்லாம் தாண்டி. இப்பவே திரும்புனாலும் வந்து சேர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீ..."

"ஒரு மாசமா?"

"நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு. ராத்திரியும் நடந்து வந்துருவேன்."



"வாங்க" என்றாள். "ஆனா இனி ஒரு எட்டுகூடப் பின்னால வைக்காதிய. மிளகா வத்தல் காயுது, மிதிச்சிராதிய."

தளவாய் அன்று காலையிலிருந்து முதன்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். தாண்டி வந்த கரை அவன் ஊர்க் கண்மாய்க் கரையாக இருந்தது. காற்றில் மிளகாய் நெடி.

"சாமி" என்றான் மெதுவாக, "சூரியன் திரும்பவே இல்லையா?"