மடியில் வைத்துக்கொள்ள ஒரு கத்தி

தில்லைநாயகம் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் அழகம்மை. தொண்டிக்குத் தெற்கே, புங்கடித்துறை என்ற சிறிய கடற்கரை ஊரின் ஓரத்தில், ஓர் ஓட்டு வீட்டில் ஆறேழு பேருடன் இருந்தார். காலையில் கண்மூடி உட்காருவார்கள். பிறகு கயிறு, விறகு, ஓலை, வள்ளம் என்று அவரவர் வேலை. பேச்சு குறைவு. வயதில் மூத்தவர் என்பதால் அழகம்மை அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். அவர் ‘அம்மா’ என்பார்.

தில்லைநாயகம் முப்பது வருடம் அறுவை சிகிச்சை செய்தவர். அவருடைய கைதான் வேண்டும் என்று நாள் கணக்கில் காத்திருந்த நோயாளிகள் உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஒரு பெண்ணின் வயிற்றுக்குள், வெட்டக் கூடாத ஒரு ரத்தக் குழாயை வெட்டிவிட்டார். எவ்வளவோ போராடிப் பார்த்தார். அந்தப் பெண் கண்விழிக்கவில்லை. அன்று கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகவில்லை. அதன் பிறகு கத்தி என்று எதையும் தொட்டதும் இல்லை. பழத்தைக்கூடக் கடித்துத்தான் தின்பார். இதையெல்லாம் அவர் அந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே எல்லோர் இடுப்பிலும் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அவரிடம் மட்டும் இல்லை. வந்த மூன்றாம் மாதம் அழகம்மை அவரைக் கூப்பிட்டார்.

“ஐயா, டவுனுக்குப் போய் ஒரு மடக்குக் கத்தி வாங்கிட்டு வாங்க. தினமும் மடியில வச்சிக்கிற மாதிரி. விலை அதிகம் வேண்டாம்.”

மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“நல்ல கத்தின்னு எப்படிம்மா தெரிஞ்சிக்கிறது?”

அழகம்மை முறத்தில் கிடந்த ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தார். இடுப்பிலிருந்த கத்தியை ஒரே கையால் திறந்து, பழத்தை நாலாக வகிர்ந்தார். கத்தியைத் துடைத்து மடக்கிச் செருகிக்கொண்டார். இரண்டு துண்டுகளை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கித் தின்றார். பழம் இனிப்பாக இருந்தது. வேறொன்றும் அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் போனார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். நாலு கடைகளில் இருபத்து மூன்று கத்திகளைப் பார்த்தார். எது துருப்பிடிக்கும், எது பிடிக்காது, எதில் தகடு விரல் நீளம், எதில் பூட்டு உண்டு, எதில் திருகாணி கழலும் என்று எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதிக்கொண்டார். அரிவாள் மாதிரி கனமான ஒன்று, கத்தரிக்கோலும் திருப்புளியுமாகப் பன்னிரண்டு சாமான் மடங்கிய ஒன்று, சாவிக்கொத்தில் தொங்கும் சின்னது ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை இருந்தது, ஒரு குறையும் இருந்தது. வெறுங்கையோடு திரும்பினார்.

அழகம்மை நோட்டை வாங்கி, ஒரு பக்கம் விடாமல் பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்.

“இதுல எதையெல்லாம் கையில எடுத்துப் பார்த்தீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரர்கள்தான் திறந்து காட்டினார்கள். அவர் எதையும் தொடவில்லை.

நோட்டை அழகம்மை தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை அவர் போனது கடைத்தெருக் கோடியில் இருந்த ஓர் இரும்புச் சாமான் கடைக்கு. கடைக்காரர் செய்யது மீரானுக்கு அவர் வயதுதான் இருக்கும். என்னத்துக்குக் கத்தி என்று கேட்டார். எல்லாத்துக்கும்தான் என்றார் தில்லைநாயகம்.

“எல்லாத்துக்கும்னு ஒரு கத்தி கிடையாது ஐயா. அன்னாடம் என்னத்த அறுப்பீங்க? அதைச் சொல்லுங்க.”

முன்பின் தெரியாத மனிதரிடம் ஏன் அதைச் சொன்னார் என்று தில்லைநாயகத்துக்கே தெரியாது.

“ஏழு வருஷமா ஒண்ணும் அறுக்கல.”

செய்யது மீரான் கண்ணாடிப் பெட்டியில் மினுங்கிய கத்திகளை விட்டுவிட்டு, மேசையின் கீழ்த்தட்டில் இருந்து ஒன்றை எடுத்தார். மரப்பிடி, நீளத்தில் நாலு விரற்கடைக்கு மேல் போகாத தகடு, பிடியோரத்தில் ஒரு பூட்டு. இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிட்டு எழுந்தால் ஆகும் விலைதான். பெருவிரலால் தள்ளித் திறந்தார். டக்கென்று பூட்டிக்கொண்டது. தகட்டின் முதுகை மேசையில் அழுத்தினார். மடங்கவில்லை. உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்காது, ஆனால் ஈரத்தோடு மடக்கி வைக்கக் கூடாது என்றார். பிறகு கத்தியை அவர் கையில் வைத்தார்.

“மடக்கிப் பாருங்க. திறக்கிறது எல்லாக் கத்தியும் திறக்கும். மடக்கும்போது உங்க விரல் எங்க இருக்குன்னு பாருங்க.”

தில்லைநாயகம் மூன்று தடவை முயன்று மடக்கினார். விரலில் படவில்லை. அதையே வாங்கிக்கொண்டு வந்தார்.

அழகம்மை கத்தியைப் பார்த்தார், தலையசைத்தார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரமும் கத்தி அவர் வேட்டி மடியில் இருந்தது. நடக்கும்போது அதன் கனம் தெரிந்தது. கயிறு அறுக்க வேண்டி வந்தால் அவர் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டார்.

ஒரு நாள் காலை வெயில் ஏறிய பிறகு, அழகம்மை அவரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரையிலிருந்து வெகுதூரம் வரை மார்பளவுத் தண்ணீர்தான். அடியில் கடற்புல் வயல் போல அசைந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. அந்த அமைதியில் யாரோ பெருமூச்சு விட்ட சத்தம் கேட்டது.

அங்கே மனிதர் யாரும் இல்லை. மறுபடியும் அந்தப் பெருமூச்சு. வள்ளத்தின் வலப்பக்கம் தண்ணீர் கலங்கியது. அறுந்து மிதந்து வந்த பழைய நைலான் வலை ஒன்று, ஈயக் குண்டுகள் பாறையில் மாட்டியபடி கிடந்தது. வலைக்குள் ஒரு கடற்பசு. அந்தக் கரைக்காரர்கள் ஆவுளியா என்பார்கள். வள்ளத்தில் முக்கால் நீளம் இருந்தது. மூச்சுக்காக மூக்கை மேலே தூக்கும், வலை கீழே இழுக்கும். அதன் பக்கத்தில் ஒரு குட்டி சுற்றிச் சுற்றி வந்தது.

அழகம்மை சத்தம் இல்லாமல் தண்ணீரில் இறங்கினார். அதன் முகவாயின் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து மூக்கை மேலே தாங்கிக்கொண்டார். அது முரண்டு பிடிக்கவில்லை. மூச்சு விட்டது. பிறகு அவர் திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, என் ரெண்டு கையும் இங்க இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார்.

தில்லைநாயகம் இறங்கினார். ஒரு கையால் வலையைப் பிடித்தால்தான் நிற்க முடிந்தது. மறு கையின் பெருவிரல் கத்தியைத் திறந்தது. டக்கென்று பூட்டிக்கொண்டது. பாறைக்குப் போன கயிற்றை முதலில் அறுத்தார். வால் பக்கம் இருந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்கட்டும் என்று விட்டார்.

துடுப்பு மாதிரி இருந்த அதன் முன்கையின் அடியில்தான் சிக்கல் இருந்தது. நூல் தோலைக் கிழித்து உள்ளே புதைந்திருந்தது. விரலை வைத்துத் தடவினார். ஓரிடத்தில் நூலுக்குக் கீழே ஏதோ துடித்தது. விரலை எடுக்காமல் நின்றார். அந்தத் துடிப்பு அவருக்குத் தெரியும். நிதானமாக, கனமாக, ஓர் ஆலயத்து மணி தூரத்தில் அடிப்பதுபோல அது அவர் விரல் நுனியில் வந்து வந்து போயிற்று. இத்தனை பெரிய உயிர் இந்த இடத்தில் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறதே என்று நினைத்தார். அவருக்குக் கண் கலங்கியது.

அங்கே ஒரே இழுப்பில் அறுத்தால் வேலை முடிந்துவிடும், ஆனால் அடியில் துடிக்கும் ரத்தக் குழாயும் அறுந்துபோகலாம். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உயர்ந்து அழகம்மையின் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

தில்லைநாயகம் கத்தியை அங்கிருந்து எடுத்தார். துடிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, தகட்டின் முதுகைத் தோலோடு ஒட்டவைத்து, கூர்ப்பக்கத்தை வெளியே திருப்பி ஒரு நூலை அறுத்தார். எதிர்ப்பக்கம் போய் இன்னொன்று. பிறகு கத்தியை மடக்கிவிட்டு, புதைந்த நூலை விரல்களால் மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரம் முழுவதும் ஆவுளியா அசையவில்லை. அதன் சின்னக் கண் அவரைப் பார்த்தபடி இருந்தது. ஒருமுறை அது விட்ட மூச்சு வெதுவெதுப்பாக, புல் வாசனையோடு அவர் முகத்தில் அடித்தது. அவர் பிரசவம் பார்த்திருக்கிறார், நின்ற இதயம் மறுபடி துடிக்கப் பார்த்திருக்கிறார். ஒரு மூச்சைக் கண்டு கைகூப்பத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

கடைசி நூல் வெளியே வந்தது. அழகம்மை கைகளை எடுத்தார். அது உடனே போகவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு கணம் கிடந்தது. பிறகு குட்டி அதன் விலாவோடு ஒட்டிக்கொள்ள, இரண்டும் புல்லுக்குள் தாழ்ந்து போயின. அறுபதடி தள்ளி இரண்டு பெருமூச்சுகள் கேட்டன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

மிச்ச வலையைச் சுருட்டி வள்ளத்தில் போட்டார்கள். அழகம்மையின் கைகள் மரத்துப்போயிருந்தன. அதனால் தில்லைநாயகம்தான் துடுப்பு போட்டார். கரை நெருங்கியபோது, குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்.

“அம்மா, நான் வாங்கினது நல்ல கத்திதானா? நல்லா வெட்டிச்சா?”

அழகம்மை விரல்களைத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தார்.

“கத்தி வெட்டினத நான் பார்க்கல ஐயா. நீங்க வெட்டாம விட்டத பார்த்துக்கிட்டிருந்தேன்.”