மூணாவது விசில்

ஒரு ஊர்ல ஒரு சிரிப்பு இருந்துச்சாம். ம் கொட்டுடி, சுவத்துக்கா சொல்றேன்? அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி செண்பகம், எட்டாங்கிளாஸ். அவ சிரிச்சா குக்கரே தோத்துரும்: உஸ்ஸ்ஸ்... வீஈஈல்!

அதே கிளாஸ்ல ரோகிணின்னு ஒரு மகாராணி. செண்பகம் சிரிச்சா போதும், "விசில் வந்துருச்சு, இறக்குங்கடி!"ம்பா. மொத்த கிளாஸும் கெக்கெக்கேன்னு இளிக்கும். அப்புறமென்ன, செண்பகம் வாயைப் பூட்டிட்டா. இனி செத்தாலும் சிரிக்கமாட்டாளாம்.

வீட்ல அப்பா லுங்கி தடுக்கி தொபுக்கடீர்னு விழுந்தார். சிரிக்கல. எழுந்து காப்பி குடிச்சா, சர்க்கரைக்குப் பதிலா உப்பு! த்தூன்னு பூனை மேல துப்பினார். சிரிக்கல. பூனை கோவிச்சுக்கிட்டு அவர் செருப்புல உச்சா போச்சு. அப்பவும் சிரிக்கல! அப்போதான் அம்மா அவ முகவாயைப் பிடிச்சு நிமிர்த்தினா.

"யாருடி உன் வாயைத் தச்சது?"

செண்பகம் ஓன்னு அழுது எல்லாத்தையும் கொட்டிட்டா.

"அடி பைத்தியமே, அது என் சிரிப்புடி! வேணாம்னா திருப்பிக் குடு."

"நான் கட்டிக்கிட்டதே அந்தச் சிரிப்பைத்தான்," அப்பா சொன்னார். "உங்கம்மா கூடவே வந்துட்டா."

ம்... தூங்கிட்டியா? கேளு.

அப்புறம் ஸ்கூல்ல பெற்றோர் தினம். சிறப்பு விருந்தினர் பேசுறார், பேசுறார், பேசிட்டே இருக்கார். அம்மாமார் எல்லாம் கொர்ர்ர். அப்போ ஃபேன் காத்துல அவர் பொன்னாடை படக்குன்னு பறந்து ஹெட்மிஸ்ட்ரஸ் தலையில முக்காடா விழுந்துச்சு.

உஸ்ஸ்... வீஈஈல்! முன்வரிசையில அம்மா.

"யாருடி அந்தக் குக்கர்?" ரோகிணி திரும்பினா.

செண்பகம் ஒரு நொடி யோசிச்சா. தெரியாதுன்னு சொல்லிட்டா தப்பிச்சிரலாம். அங்க அம்மா கழுத்தை நீட்டி, மகளைத்தான் தேடிட்டிருந்தா.

"எங்கம்மா!" கத்தியே சொல்லிட்டா. சொன்னதும் பூட்டு தெறிச்சுது: வீஈஈல்! ரெண்டு. அப்பா சும்மா இருப்பாரா? வாயில விரலை வச்சு வீஈஈல்! மூணு.

மூணு விசில் கேட்டா எந்த அம்மாவுக்குத் தூக்கம் இருக்கும்? "ஐயோ, அடுப்பு!" அத்தனை பேரும் படபடன்னு எழுந்துட்டாங்க. ரோகிணியோட அம்மா ஒத்தைச் செருப்போட வாசலுக்கே ஓட்டம். "பருப்பு அடிபிடிக்குதே!"

"ஆன்ட்டி, உக்காருங்க!" செண்பகம் பெஞ்சு மேல ஏறினா. "குக்கர் நான்தான்!"

ஹாலே உருண்டு புரண்டு சிரிச்சுது. ரோகிணியாலயும் அடக்க முடியல. அவ சிரிப்பா? கழுதை தோத்துச்சு, போ. செண்பகம் அதை இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.

மூணு விசில் வந்தாச்சு, கதை வெந்தாச்சு. அடுப்பையும் அணைச்சாச்சு. கண்ணை மூடு.